லயத்து ஆள், ஜீப்பு ஆள்

மதினிக்கு அந்தச் சத்தம் முதலிலிருந்தே பிடிக்கவில்லை. "விளக்கு வைக்கிற நேரத்துல மலைப் பக்கமிருந்து சங்கு ஊதுனா, கேக்குறவுக என்னத்தா நெனைப்பாக? எந்த வீட்டுல எழவோன்னுல்ல பதறுவாக" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். அது சங்கு இல்லை, ஹூட்டர், வண்டி சாமான் கடையில் வாங்கியது என்றேன். "எது ஊதுனாலும் சங்குதான்" என்று முடித்துவிட்டாள். அவள் சொன்னதில் தப்பில்லை. மில்லில் ஷிப்டுக்கு ஊதுவதையும் நாங்கள் சங்கு என்றுதான் சொல்கிறோம். சாவு வீட்டில் ஊதுவதும் சங்குதான். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவளிடம் பேசி ஜெயிக்க என்னால் முடியவில்லை.

என் அண்ணனுக்குத் தேவாரத்துக்கு மேற்கே, மலை எழும்புகிற இடத்தில் தோட்டம். வாழையும் மக்காச்சோளமும் போட்டிருக்கிறான். இரண்டையும் மலையடியில் நட்டுவிட்டு யானை வரக்கூடாது என்று நினைப்பது, பந்தியில் இலையைப் போட்டுவிட்டு யாரும் உட்காரக்கூடாது என்று சொல்வதைப் போல. அதனால் அவனுக்கு ஒரு பெட்டி செய்து கொடுத்தேன். நான் போடியில் ஒரு மாடி வீட்டில் உட்கார்ந்து பெங்களூர்க் கம்பெனி ஒன்றின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவள். லினக்ஸ்தான் எனக்குச் சோறு போடுகிறது. அண்ணனுடைய மோட்டார் ரூமில் உள்ளங்கை அளவுக்கு ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர், அதற்கு ஒரு சிம் கார்டு, ஒரு சோலார் பேட்டரி. வேலியோரத்திலும் வண்டிப்பாதையோரத்திலும் கம்பங்கள் நட்டு, பெரிய உடம்பு எதுவும் கடந்தால் கண்டுபிடிக்கிற சென்சார்கள். கண்டுபிடித்ததும் மோட்டார் ரூம் கூரை மேலிருக்கும் ஹூட்டர் அலறும். அண்ணன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவருவான். இவ்வளவுதான் ஏற்பாடு.

மதினி ஆரம்பித்து வைத்ததும் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். பன்றி கடந்தாலும் ஊதுகிறது, மாடு கடந்தாலும் ஊதுகிறது, சங்குச் சத்தம் கேட்டாலே எழவு வீடோ என்று தோன்றுகிறது என்றார்கள். வாயால் சொல்கிற மாதிரி வைக்கக் கூடாதா என்று கேட்டார்கள். எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் சங்குக்குப் பதிலாக ஒரு ஸ்பீக்கர் வாங்கி மாட்டினேன். யார் குரல் என்ற கேள்வி வந்தது. அண்ணன் யார் சொன்னாலும் கேட்காதவன், மதினி கூப்பிட்டால் மட்டும் எழுந்து வருகிறவன். எனவே மதினியையே பேச வைத்து என் போனில் பதிவு செய்தேன்.

"ஏங்க, பெரியவரு வந்துட்டாரு. சோலியப் போட்டுட்டு வெரசா வீட்டுக்கு வாங்க."

பொழுது சாய்ந்த பிறகு எங்கள் பக்கத்தில் யானை என்று வாயால் சொல்ல மாட்டார்கள். பெரியவர்தான். முதல் நாள் சோதித்துப் பார்த்தபோது சுற்றுத் தோட்டத்து ஆண்கள் அத்தனை பேரையும் மதினி 'ஏங்க' என்று கூப்பிட்டதில் ஊரே சிரித்தது. மதினிக்கு வெட்கமும் பெருமையுமாக இருந்தது. சங்கைக் கழற்றிவிடு அண்ணே என்றேன். "பாப்போம்" என்றான். அவன் பாப்போம் என்றால் அந்த வேலை நடக்காது என்று அர்த்தம்.

அன்றைக்கு மதினி போன் செய்தபோது நான் கம்பெனி வேலையில் இருந்தேன். போடியில் இன்னும் வெயில் இருந்தது. மலையடியில் அப்படி இல்லை. சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் தோட்டம் சட்டென்று இருட்டத் தொடங்கிவிடும்.

"ஏத்தா, உன் பொட்டி பேசுச்சா?"

"எனக்கு எப்பிடித் தெரியும் மதினி? ஏன்?"

"ஓடைக்கு அங்கிட்டு வாழைய முறிக்கிற சத்தம் கேட்டுச்சாம். பக்கத்துத் தோட்டத்துக்காரரு வண்டியத் திருப்பிக்கிட்டு வந்துட்டாரு. உங்க அண்ணன் இன்னும் வரல. போனு அடிக்குது, எடுக்க மாட்டேங்குறாக."

எடுக்க மாட்டான். தண்ணீர் பாய்ச்சும்போது போன் நனைந்துவிடும் என்று மோட்டார் ரூமிலேயே சார்ஜில் போட்டுவிட்டு வாய்க்காலோடு போய்விடுவான். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வனத்துறைக்குச் சொல்லிவிட்டார், அவர்கள் வேறொரு ஊரில் இருக்கிறார்கள், வர நேரமாகும் என்றாள் மதினி. அதற்குப் பிறகு இன்னொன்றும் சொன்னாள்.

"உன் பொட்டி பேசலேல்ல, அப்ப ஒண்ணுமில்லன்னு நெனச்சுக்கிட்டு ஆடி அசைஞ்சு வருவாகத்தா."

பெட்டி இல்லாத காலத்தில் அவன் இந்த நேரத்துக்கு முன்பே வீடு வந்துவிடுவான். வாழை இலை அசைந்தாலும் நின்று பார்ப்பான். பெட்டி வந்த பிறகு அதன் மௌனத்தை நம்பப் பழகிவிட்டான். போனைக் காதில் வைத்தபடியே லேப்டாப்பில் அண்ணன் பெட்டியின் ஜன்னலைத் தேடினேன். மதியம் பேட்டரி அளவு பார்க்கத் திறந்தது, மூடாமல் விட்டிருந்தேன். அதில் என்ன ஓடுகிறது என்று பார்க்கிற கட்டளையைத் தட்டினேன். புதிதாக எதையும் தொடங்க இடமில்லை என்று பதில் வந்தது. ஃபைல்களைக் காட்டும் 'எல்எஸ்' தட்டினேன். அதே பதில். புதிதாக இன்னொரு ஜன்னல் வழியாக உள்ளே போகப் பார்த்தேன். அது கதவையே திறக்கவில்லை.

இதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். நாம் தட்டும் கட்டளையை வாங்கிக்கொள்வது ஷெல் என்கிற நிரல். சில கட்டளைகளை அதுவே செய்துவிடும், அவை அதற்குள்ளேயே இருக்கின்றன. மற்றவற்றுக்கு அது வெளியிலிருக்கும் ஒரு நிரலைக் கூப்பிட வேண்டும், அந்த நிரல் வந்து உட்கார இடம் ஒதுக்க வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல எனக்கு ஒரே வழிதான் தெரியும். மலை மேலே ஏலத்தோட்டத்தில் லயம் என்கிற வரிசை வீடுகளிலேயே குடியிருக்கிற ஆள்கள் கொஞ்சம் பேர். விடியற்காலையில் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு ஏறிப்போகிற ஆள்கள் நிறையப் பேர். காய் எடுக்க, மருந்தடிக்க, மூட்டை தூக்க என்று ஜீப்பில் எல்லா வேலைக்கும் ஆள் வரும். போடிமெட்டு ரோட்டில் மண் சரிந்தால் ஜீப்பு வராது. அன்றைக்கு லயத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களை வைத்துத்தான் தோட்டம் ஓடும்.

அண்ணன் பெட்டியில் அன்றைக்கு ரோடு அடைத்திருந்தது. காரணமும் மெல்லப் புரிந்தது. மதினியின் குரலை ஒலிக்க வைப்பது ஒரு வெளி நிரல். ஸ்பீக்கரில் ஏதோ சிக்கி, முதலில் கூப்பிட்ட நிரல் பேசவும் முடியாமல் போகவும் முடியாமல் நின்றிருக்கிறது. காற்றில் வாழை ஆடியதற்கெல்லாம் சென்சார் அடித்திருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் ஸ்கிரிப்ட், அதாவது நான் எழுதி வைத்த கட்டளைப் பட்டியல், இன்னொரு நிரலைக் கூப்பிட்டிருக்கிறது. வந்தவை எல்லாம் முன்னால் நிற்பது நகரட்டும் என்று வரிசையில் நின்றிருக்கின்றன. நின்று நின்று பெட்டியில் இருந்த இடம் முழுக்க அடைபட்டுப் போயிற்று.

"என்னத்தா, சத்தத்தையே காணோம்?" என்றாள் மதினி.

"இருங்க மதினி. போன வச்சிராதீக. லைன்லயே இருங்க."

கம்பெனியில் இதைப் பற்றி எத்தனையோ முறை வாக்குவாதம் நடந்திருக்கிறது. ஷெல்லுக்குள் இருப்பதை வைத்தே ஸ்கிரிப்ட் எழுதுவது கஞ்சத்தனம், இப்போதிருக்கும் மெஷின்களுக்கு வெளி நிரலைக் கூப்பிடுவது ஒரு செலவா என்று கேட்பார்கள். வேகத்தைப் பற்றிப் பேசினால் அவர்கள் சொல்வது சரி. நானும் தலையாட்டியிருக்கிறேன். இப்போது வேகம் என் கவலையே இல்லை. என்னிடம் இருந்தது அந்த ஒரே ஒரு ஜன்னல். அது மூடினால் மறுபடி திறக்காது. அதில் எவை செல்லும், எவை செல்லாது என்பதுதான் என் கவலை.

ஒரு குறுக்கு வழி இருந்தது. 'எக்ஸெக்' என்று ஒரு கட்டளை உண்டு. அதைச் சொன்னால் ஷெல் தன் இடத்தையே வெளி நிரலுக்குக் கொடுத்துவிடும். புது இடம் தேவையில்லை என்பதால் அது நடக்கும். ஆனால் ஒரே தடவைதான். அந்த நிரல் முடிந்ததும் ஷெல்லும் இருக்காது, என் ஜன்னலும் போய்விடும். விரல் அந்த எழுத்துகளில் பாதியைத் தட்டியும் விட்டது. அழித்தேன்.

முதலில் பெரியவர் எங்கே நிற்கிறார் என்று தெரிய வேண்டும். லினக்ஸில் எல்லாமே ஃபைல்தான். ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு ஃபைல், ஏதாவது நின்றால் அதில் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். பழக்கதோஷத்தில் விரல் 'கேட்' என்று தட்டிப் படிக்கப் போனது. கேட் ஜீப்பு ஆள். திட்டிக்கொண்டே 'ரீட்' தட்டினேன். அது ஷெல்லுக்குள்ளேயே இருப்பது, லயத்து ஆள். ஓடைப் பக்கத்துக் கம்பம், பூஜ்யம். மலைப் பக்கத்து வேலி, பூஜ்யம். வண்டிப்பாதைக் கம்பம், ஒன்று. நம்பாமல் மறுபடியும் படித்தேன். ஒன்று.

வண்டிப்பாதைதான் தோட்டத்திலிருந்து வீட்டுக்கு வருகிற வழி. வேறு வழி கிடையாது.

அந்த நிமிடம் வரைக்கும் எப்படியாவது பெட்டியைப் பேச வைக்க வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அது பேசிவிடக் கூடாதே என்று பயம் பிடித்துக்கொண்டது. வெரசா வீட்டுக்கு வாங்க என்று சொல்லத்தான் அத்தனை நிரல்களும் வரிசையில் நின்றுகொண்டிருந்தன. ஸ்பீக்கரில் சிக்கியது தானாக விடுபட்டால் போதும். ஒன்று மாற்றி ஒன்றாக மதினி கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். அண்ணன் நேராகப் பாதையில் போய் யானையின் முன்னால் நிற்பான்.

"மதினி, பாதைக்கு யாரும் போகாதீக. நீங்களும் வெளிய வராதீக. பெரியவரு பாதையிலதான் நிக்கிறாரு."

மதினி அழுதுகொண்டே கத்தினாள். "அந்தச் சங்கையாவது ஊதுத்தா! நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஊதித் தொலைத்தா!"

சங்கு ஊதினாலும் அவனுக்கு அர்த்தம் ஒன்றுதான், வீட்டுக்கு ஓடு என்பதுதான். அப்படித்தான் நான் பழக்கி வைத்திருந்தேன். அவனை ஓடாதே, நில் என்று சொல்ல வேண்டும். ஊதுவதும் நிற்பதும் தவிர வேறெதுவும் தெரியாத ஒரு கருவியை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது?

அண்ணன் விவசாயத்துக்குத் திரும்புவதற்கு முன்பு எஸ்டேட் ஜீப்பு ஓட்டியவன். போடிமெட்டு ஏறி, அந்தப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போவான். மெட்டுக்கு அந்தப் பக்கத்து மலையாள டிரைவர்கள் 'ஆன' என்பார்கள், இந்தப் பக்கத்தவர்கள் பெரியவர் என்பார்கள். ஹாரனில் இரண்டு பேருக்கும் பாஷை ஒன்று. எதிரே வருகிற ஜீப்புக்கு இரண்டு குட்டை, ஒரு நெட்டை அடித்தால், வளைவுக்கு அப்பால் ரோட்டில் நிற்கிறார், மேலே வராதே, நின்ற இடத்தில் நில் என்று பொருள். லீவு நாள்களில் அவனோடு முன் சீட்டில் உட்கார்ந்து போனபோது நானே கேட்டிருக்கிறேன். அந்த ஹாரன் கேட்டதும் அவன் கால் பிரேக்குக்குப் போகும். பேச்சு நிற்கும். ஜீப்பில் பின்னால் இருக்கிற பெண்களும் வாயை மூடிக்கொள்வார்கள்.

அதை ஊத வேண்டும். ஆனால் முதலில் வரிசையில் நிற்கும் குரல்களை ஒழிக்க வேண்டும். இல்லாவிட்டால் நான் நில் என்று ஊதிய பிறகு மதினி வா என்று கூப்பிட்டுவிடுவாள், அவன் யார் பேச்சைக் கேட்பான் என்று எனக்குத் தெரியாதா? ஓடுகிறவற்றை நிறுத்துகிற 'கில்' நல்லவேளை ஷெல்லுக்குள்ளேயே உண்டு. பெயரைச் சொல்லி மொத்தமாக நிறுத்துகிற கட்டளை வெளியாள், அது வராது. ஓடுகிற ஒவ்வொன்றையும் எண் வாரியாக எடுத்து, ரீட் வைத்து அதன் பெயரைப் படித்து, ஸ்கிரிப்டாகவோ குரல் நிரலாகவோ இருந்தால் மட்டும் கில் செய்யும்படி ஒரு சுற்று எழுதினேன். முழுக்க லயத்து ஆள்கள். பெயரில் ஓர் எழுத்துத் தவறினால் என் இணைப்பையே கொன்றுவிடுவேன். மதினி காதுக்குள் சாமியை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எழுதியதைத் திரும்பப் படித்துவிட்டு என்டர் தட்டினேன். கர்சர் கொஞ்சம் நின்றது. பிறகு அடுத்த வரிக்கு வந்தது.

இப்போது சங்கு. அதன் சுவிட்சும் ஒரு ஃபைல்தான். 'எக்கோ' என்று ஒன்றை எழுதினால் ஊதும், பூஜ்யம் எழுதினால் நிற்கும். எக்கோ என்ற பெயரில் வெளியிலும் ஒரு நிரல் உண்டு. ஷெல் தனக்குள் இருப்பதைத்தான் முதலில் எடுக்கும், அதனால் கவலையில்லை. குட்டைக்கும் நெட்டைக்கும் நடுவில் இடைவெளிதான் பிரச்சினை. நான் கையால் தட்டினால் நெட்வொர்க் இழுக்கிற இழுப்பில் குட்டை நெட்டையாகிவிடும். பெட்டியே கணக்காகக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கச் செய்கிற 'ஸ்லீப்' வெளியாள்; இப்போது இடம் காலியாகியிருக்கலாம், ஆனால் நடுவில் தவறினால் என்னாகும் என்று அதை நம்பத் துணியவில்லை. அங்கேயும் ரீட்தான் கைகொடுத்தது. யாராவது எதையாவது தட்டுவார்களா என்று சொன்ன நேரத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தட்டாவிட்டால் திரும்பிவிடும். யாரும் தட்டாமல் இருந்தால் அதுவே தூக்கம். இரண்டு குட்டை, ஒரு நெட்டை, கொஞ்சம் மௌனம், மறுபடியும் முதலிலிருந்து. என்டர் தட்டிவிட்டுக் கையை லேப்டாப்பிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். தெரியாமல் ஒரு எழுத்துப் பட்டாலும் கணக்குக் கெட்டுவிடும்.

திரையில் எதுவும் தெரியவில்லை. அண்ணன் ஒயரைக் கழற்றிவிட்டிருந்தால் அந்த ஃபைலில் நான் என்ன எழுதினாலும் மலையடியில் ஒரு முனகல்கூடக் கேட்காது. அவன் சோம்பேறியாக இருந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வாழ்க்கையில் அப்படி வேண்டிக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

"மதினி, மாடிக்குப் போங்க. ஏதாச்சும் கேக்குதான்னு சொல்லுங்க."

படி ஏறுகிற மூச்சு கேட்டது. நாய்கள் குரைப்பது கேட்டது. பிறகு மதினி மெதுவாகச் சொன்னாள். "ஊதுதுத்தா. விட்டு விட்டு ஊதுது."

"எப்பிடி ஊதுது?"

"டுப்பு டுப்புன்னு ரெண்டு. அப்புறம் இழுத்து ஒண்ணு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் அழுது என்ன பயன்? ஊதுவது எனக்குத் தெரிந்துவிட்டது, அவன் கேட்டானா என்பது தெரியவில்லை. கேட்டாலும் அதை ஜீப்பு ஹாரனாக எடுத்துக்கொண்டானா? ஜீப்பை விட்டு எவ்வளவோ காலமாயிற்று. போனைப் பிடித்தபடி அவள் மாடியில் நின்று சங்கைக் கேட்டுக்கொண்டிருந்தாள், நான் கர்சரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியே இருந்தோம். இருட்டிவிட்டது.

அப்போதுதான் இன்னொரு அழைப்பு குறுக்கே வந்தது. அண்ணன் பெயர்.

"மதினி, அண்ணன் கூப்பிடுது, வைக்கிறேன்" என்று மட்டும் சொல்லி மாற்றினேன்.

"சங்க நிப்பாட்டு." கிசுகிசுப்பாக வந்தது குரல். "பக்கத்துல வந்துட்டாரு. சத்தத்தப் பாத்துத்தான் வர்றாரு."

"எங்கண்ணே இருக்க?"

"மோட்டார் ரூமுல. மொதல்ல நிப்பாட்டுத்தா."

சுற்றை நிறுத்துகிற சாவிகளைச் சேர்த்து அழுத்தினேன். சுற்று நின்றது. ஆனால் நெட்டை ஊதிக்கொண்டிருந்த நேரத்தில் அழுத்தியிருக்கிறேன். போனிலேயே அந்த அலறல் நிற்காமல் கேட்டது. எக்கோ பூஜ்யம் என்று தட்டினேன். பதற்றத்தில் ஃபைலின் பெயரைத் தப்பாக அடித்தேன். மறுபடி அடித்தேன். அலறல் நின்றது.

மடக் என்று வாழைத் தண்டு முறிகிற சத்தம் கேட்டது. அண்ணனுடைய மூச்சு கேட்டது. இன்னொரு மடக். கூரைத் தகரத்தில் எதுவோ உரசியது. பிறகு நெடுநேரம் தின்கிற சத்தம் மட்டும். அவன் உழைத்து வளர்த்த வாழை, ஒவ்வொன்றாகப் போகிறது. தின்னட்டும், எல்லாவற்றையும் தின்னட்டும், தகரத்தை மட்டும் தொடாமல் இருந்தால் போதும் என்று இருந்தது எனக்கு.

வனத்துறை ஜீப்பு வந்து வெளிச்சம் அடித்து, வேட்டுப் போட்டு, ஓடை வழியாக மேலே விரட்டிய பிறகுதான் அண்ணன் சத்தமாகப் பேசினான். "போயிட்டாருத்தா" என்றான். அவனைக் கன்னாபின்னாவென்று திட்டினேன். போனை எதற்கு வைத்திருக்கிறாய், ஊறுகாய் போடவா என்று கேட்டேன். அவன் சிரித்தான். அவன் சிரித்ததும் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

மறுநாள் காலையில் முதல் பஸ்சில் போனேன். வாசலில் கூட்டமாக இருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் எல்லோரும் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். சங்கைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. பெட்டியை மேஜையில் வைத்து ஸ்கிரிப்டைத் திருத்த உட்கார்ந்தேன். பேட்டரி அளவை எனக்கு அனுப்புவது, பழைய பதிவுகளை ஒதுக்குவது இவற்றையெல்லாம் வெளி நிரல்களிடமே விட்டேன். அவை செய்தால் செய்யட்டும், தவறினால் போகட்டும். யானையைக் கண்டதும் ஊதுகிற அந்தச் சில வரிகளில் மட்டும் வெளியாளை வைக்கவில்லை. பாதையில் நின்றால் ஒரு மாதிரி, மலைப் பக்கம் நின்றால் வேறு மாதிரி ஊத வைத்தேன்.

மதினி எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். அண்ணன் கயிற்றுக் கட்டிலில் இருந்தான்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியலத்தா" என்றான் என்னிடம். "நான் வாய்க்காக் கடைசியில மடை திருப்பிக்கிட்டு நிக்கிறேன். திடீருன்னு இவ கூப்புட்டா. ஏங்கன்னு. அம்புட்டுத்தான், பாதியில நின்னுபோச்சு. இவதான் நேர்ல வந்துட்டா போலன்னு நெனச்சு, மம்பட்டியப் போட்டுட்டுப் பாதைக்கு வந்துட்டேன். போனைக் காலையில எடுத்துக்கிருவோம்னு மோட்டார் ரூமுக்குக்கூடப் போகல. பாதி தூரம் வந்த பெறகுதான் ஹாரன் கேட்டுச்சு. நிமிந்து பாத்தா, வளைவுல கருப்பா நிக்கிறாரு. அப்பிடியே பின்வாங்கி மோட்டார் ரூமுக்குள்ள போயிட்டேன். அந்த ஏங்க எங்கருந்துத்தா வந்துச்சு?"

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. சிக்கிக்கொண்டிருந்த முதல் நிரலை நான் நிறுத்தியதும் ஸ்பீக்கர் விடுபட்டிருக்கிறது. வரிசையில் அடுத்து நின்றது வாயைத் திறந்திருக்கிறது. அதை கில் செய்வதற்குள் ஒரே ஒரு சொல் வெளியே போய்விட்டது. மெஷின்காரி என்ற முறையில் இதை விளக்கினேன். அண்ணன் ஓகோ என்று கேட்டுக்கொண்டான். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "நல்லவேளை, முழுசாக் கூப்புடல" என்று சிரித்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டான்.

மதினி சிரிக்கவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அந்தப் பதிவு உன் போன்லயும் இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். "அதையும் அழிச்சிருத்தா" என்றாள். அவள் கண் முன்னாலேயே அழித்தேன். காப்பி ஆறிப்போயிருந்தது, எடுத்துப்போய்ச் சுட வைத்துக் கொண்டுவந்தாள்.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ தடவை அந்த வீட்டுக்குப் போய்விட்டேன். மதினி இப்போது அண்ணனைத் தூரத்திலிருந்து கூப்பிடுவதில்லை. சாப்பாடு ஆகிவிட்டால், யாராவது தேடி வந்தால், அவன் வீட்டுக்குள்ளோ வாசலிலோ எங்கே இருக்கிறானோ அங்கே எழுந்து போகிறாள். கிட்டே போய் அவன் முழங்கையைத் தொடுகிறாள். அவன் திரும்பிப் பார்த்த பிறகுதான் பேசுகிறாள்.